வேர்டா, ரைட்டரா, டாக்ஸா? பாம்பன் கரையிலிருந்து ஓர் அலசல்

பாம்பன் பக்கத்து மீனவர் சொற்களைத் தொகுத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கச்சான், வாடை, கொண்டல், சோழகம் என்று காற்றுக்கு மட்டுமே ஓர் அத்தியாயம். காற்றைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் அந்தக் காற்றே மின்சாரத்தைக் கொண்டுபோய்விடுகிறது. எந்த மென்பொருளில் எழுதுவது என்ற கேள்வி எனக்கு அங்கேதான் தொடங்கியது.

ஆடி மாதம் கச்சான் வீசும் நாட்களில் இங்கே இணையம் வருவதும் போவதும் அதன் இஷ்டம். கூகுள் டாக்ஸ் இணையம் இல்லாமலும் ஓடும். ஆனால் குரோம் போன்ற உலாவியில், இணைப்பு இருக்கும்போதே அந்த வசதியை இயக்கி வைத்திருக்க வேண்டும். இணைப்பு போன பிறகு நினைவு வந்து பயனில்லை. வேர்டும் லிப்ரே ஆபீஸ் ரைட்டரும் கணினியிலேயே இருப்பவை. இரண்டும் வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மீட்புப் பிரதி எடுக்கும். பத்து நிமிடத்தில் நான் அரைப் பக்கம் எழுதிவிடுவேன் என்பதால் அதை இரண்டு நிமிடமாகக் குறைத்துவிட்டேன். யுபிஎஸ் இல்லாத வீட்டில் முதலில் செய்ய வேண்டிய வேலை இது.

காசைப் பொறுத்தவரை பேச அதிகமில்லை. கணினியில் நிறுவும் வேர்டுக்குச் சந்தா கட்ட வேண்டும், அல்லது ஒரேயடியாக விலை கொடுத்து வாங்க வேண்டும். ஓப்பன் ஆபீஸிலிருந்து 2010இல் பிரிந்து வந்த லிப்ரே ஆபீஸ் இலவசம். டாக்ஸும் இலவசம்தான்.

எழுதுகிறவனுக்கு உண்மையில் உயிர் கொடுப்பது தேடி மாற்றும் வசதி. அதில் நான் பட்ட பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். ஓர் அத்தியாயத்தில் 'வலை' என்று பொதுவாக எழுதியிருந்தேன். படித்துக் காட்டியபோது, "தம்பி, நீ சொல்றது கரைவலை. சும்மா வலைன்னா எந்த வலை?" என்றார் பெரியப்பா. உடனே எல்லா 'வலை'யையும் 'கரைவலை' ஆக்கச் சொல்லிப் பொத்தானை அழுத்தினேன். மறுநாள் பார்த்தால் கிழவர் ஒருவர் பேரனிடம், "ககரைவலைப்படாதே" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்! 'முழுச் சொல் மட்டும்' என்று கட்டளை கொடுத்தால் 'கவலை' தப்பிக்கும். ஆனால் வலையை, வலையில், வலைக்கு எல்லாம் விடுபட்டுப்போகும். வேற்றுமை உருபு ஒட்டும் மொழிக்கு அந்தக் கட்டளை போதாது. சொல்லின் தொடக்கத்தில் வந்தால் மட்டும் பிடிக்கச் சொல்ல வேர்டின் தேடல் பெட்டியில் ஒரு கட்டமே இருக்கிறது. ரைட்டரில் அதற்குத் தேடல் குறியீடுகளை (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) படித்துக்கொள்ள வேண்டும். படித்துக்கொண்டால் இன்னும் நுட்பமாகத் தேடலாம். இந்த இடத்தில் வேர்டுக்குத்தான் என் ஓட்டு.

ஒருங்குறி (யூனிகோட்) வருவதற்கு முந்தைய முறையிலான பாமினி எழுத்துருக் கோப்புகள் விஷயத்தில் மூன்றும் ஒன்றுதான்: அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். தனியாக ஒரு மாற்றியில் போட்டு ஒருங்குறியாக்கிய பிறகே கைவைக்க முடியும்.

பிழை திருத்துகிறவர் மதுரையில் இருக்கிறார். அவரோடு வேலை செய்யும்போது டாக்ஸை மிஞ்ச ஆளில்லை. ஓரத்தில் அவர் கேள்வி கேட்கிறார், நான் பதில் எழுதுகிறேன். போன வாரம் வெட்டிய பத்தி வேண்டுமென்றால் பழைய பதிப்புகளில் கிடைக்கிறது. பேசுவதைக் கேட்டுத் தமிழில் தட்டச்சு செய்யும் வசதியும் உண்டு. ஆனால் பெரியப்பா பேச்சைக் கொடுத்தால் பக்கத்திலேயே உட்கார்ந்து வரிக்கு வரி திருத்த வேண்டியிருக்கும். அதற்கு நானே தட்டச்சு செய்துவிடுவேன்.

அச்சகத்துக்கு வேர்டு கோப்புதான் வேண்டும். ரைட்டரில் எழுதி அந்த வடிவத்தில் சேமித்துக் கொடுக்கலாம். அட்டவணையும் அடிக்குறிப்பும் நிறைய இருந்தால் பக்க அமைப்பு சற்று நகரும். அச்சகத்தார் எப்படியும் பக்கத்தைப் புதிதாகத்தான் கட்டுவார்கள் என்பதால் நான் அதைப் பொருட்படுத்துவதில்லை.

ஆகவே முதல் வரைவு ரைட்டரில், மதுரைக்காரர் பார்வைக்கு டாக்ஸில். சொற்களை மொத்தமாக மாற்றும் வேலை வந்தால் தங்கை வீட்டுக் கணினியில் இருக்கும் வேர்டுக்குத் தங்கச்சிமடம் வரை போய்வருகிறேன். போகும்போது கோப்புக்கு ஒரு நகல் எடுத்துவைக்க மறப்பதில்லை.