ஏர்பேக் ரீகால்: காசில்லாத வேலைக்குத் திருநெல்வேலி வரை போகலாமா?

போங்கள். கோளாறுள்ள பாகத்தை மாற்றித் தருகிறோம் என்று கார் கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைப்பதுதான் ரீகால். அதுவும் ஏர்பேக் ரீகால் என்றால் யோசிக்கவே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் போகிற இடத்தில் எது ரீகால், எது வியாபாரம் என்று பிரித்துப் பார்க்கத் தயாராகப் போங்கள். இரண்டையும் ஒரே ஜாப் கார்டில், அதாவது செய்யப்போகும் வேலைகளை எழுதும் தாளில், எழுதிவிடுகிறார்கள்.

தூத்துக்குடியில் கஸ்டம்ஸ் கிளியரிங் வேலை எனக்கு. எந்தப் பேப்பரையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை என்பது தொழில் பழக்கம். வண்டி 2011 மாடல் பெட்ரோல் செடான், கோயம்புத்தூர்க்காரர் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கார் கம்பெனி பேரையும் சர்வீஸ் சென்டர் பேரையும் இங்கே எழுதப்போவதில்லை. கோளாறு ஏர்பேக்கைச் செய்தது டக்காட்டா என்கிற ஜப்பான் கம்பெனி; அதை வாங்கி மாட்டியது ஒரே ஒரு கார் கம்பெனி இல்லை. ஹோண்டா, டொயோட்டா, நிசான், ஃபோர்டு, பி.எம்.டபிள்யூ. என்று வரிசை நீளம். உங்களுடையது எந்த வண்டியாக இருந்தாலும் கதை ஒன்றுதான்.

எனக்கு விஷயம் தெரிந்ததே இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது. ஆர்.சி. கையில் இருந்தது. அதில் உள்ள 17 எழுத்து சேஸிஸ் நம்பரைக் கம்பெனியின் இணையதளத்தில் ரீகால் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். டிரைவர் பக்கம், பக்கத்து சீட் பக்கம் இரண்டிலும் இன்ஃப்ளேட்டர், அதாவது ஏர்பேக்கை ஊதும் டப்பா, மாற்ற வேண்டும் என்று வந்தது. எனக்குக் கடிதமோ குறுஞ்செய்தியோ எதுவும் வந்ததில்லை. வரவும் செய்யாது. கம்பெனி ஏட்டில் இருப்பது முதல் ஓனரின் விலாசம், முதல் ஓனரின் செல் நம்பர். செகண்ட் ஹேண்டில் வாங்கிய எல்லோருக்கும் இதே நிலைதான். ஆர்.டி.ஓ. ஆபீசில் பேர் மாறியதெல்லாம் சர்வீஸ் சென்டர் கம்ப்யூட்டருக்குத் தானாகத் தெரியாது.

டூவிபுரத்தில் என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணாச்சியிடம் சொன்னேன். கைராசியான மனுஷர், அனாவசியமாக ஒரு போல்ட்டைக் கூட மாற்றச் சொல்லாதவர். “ஓடுத வண்டிய எதுக்கு நோண்டுதிய? டேஷ்போர்ட கழத்துனா பொறவு சத்தம் வரும், சொல்லிட்டேன். பதிமூணு பதினாலு வருஷமா ஒண்ணும் ஆவல, இனியா ஆவப்போவுது? ரொம்பப் பயமா இருந்தா ஃபியூஸ புடுங்கி விட்டுருதேன்” என்றார்.

சத்தம் வரும் என்பது நியாயமான பயம். மற்ற இரண்டும் நியாயமில்லை. ஃபியூஸைப் பிடுங்கினால் ஏர்பேக் இல்லாத கார் ஓட்டுகிறோம் என்று பொருள். ஒரு ஆபத்துக்குப் பயந்து இன்னொன்றை வீட்டுக்குள் அழைப்பது. “இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே” என்கிற வாதத்துக்கு அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஏர்பேக் பையை ஊதுவது ஒரு உலோக டப்பா. மோதலை சென்சார் உணர்ந்ததும் டப்பாவுக்குள் இருக்கும் ரசாயன வில்லைகள் பற்றி எரிந்து வாயுவாகும். கண் இமைக்கும் நேரத்தில் பை நிறைந்துவிடும். டக்காட்டா அந்த வில்லைகளுக்கு அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. பழைய வகைகளில் ஈரத்தை உறிஞ்சும் உலர்த்திப் பொருளும் வைக்கவில்லை. உப்பளத்து ஊர்க்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம்: மூடி சரியில்லாத உப்பு ஜாடி மழைக்காலத்தில் என்ன ஆகும்? பகலில் வெயில், ராத்திரி குளிர்ச்சி, கூடவே காற்றின் ஈரம் என்று வருடக்கணக்கில் பட்டுப் பட்டு வில்லைகள் நொறுங்குகின்றன. நொறுங்கிய வில்லை மெதுவாக எரியாது, ஒரேயடியாக எரியும். அழுத்தம் தாங்காமல் டப்பாவே வெடித்து, உலோகத் துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு முகத்துக்கும் கழுத்துக்கும் வரும்.

அதாவது இந்தக் கோளாறு வயசு ஆக ஆகத்தான் வளரும். அண்ணாச்சி சொன்ன பதினாலு வருஷம் நமக்குச் சாதகமான சாட்சி இல்லை, எதிர்சாட்சி. 2011-ல் இந்த வண்டி இன்று இருப்பதைவிடப் பத்திரமாக இருந்தது. ஏர்பேக் இதுவரை விரியவே இல்லை என்பதால் அது ஒழுங்காக விரியும் என்றும் ஆகாது. சோதிக்கப்படாத பட்டாசு அது, அவ்வளவுதான்.

ஊரும் ஒரு காரணம். அமெரிக்காவில் சுமார் 6.7 கோடி டக்காட்டா ஏர்பேக்குகளைத் திரும்ப அழைத்தபோது, ஃபுளோரிடா, ஹவாய் மாதிரி வெப்பமும் ஈரமும் சேர்ந்த மாநிலங்களைத்தான் முதல் வரிசையில் வைத்தார்கள். அமெரிக்காவுக்கு வெளியே முதலில் பதிவான சாவு மலேசியாவில்: 2014 ஜூலையில் சரவாக் மாநிலத்தில், 2003 மாடல் ஹோண்டா சிட்டி ஓட்டிய கர்ப்பிணிப் பெண். உலோகத் துண்டு கழுத்தில் பாய்ந்தது. என் வண்டி பகல் முழுக்க நிற்பது துறைமுகத்துப் பக்கம் திறந்த வெளியில். மத்தியானம் ஸ்டீயரிங்கில் கை வைக்க முடியாது. ஃபுளோரிடாவுக்கு வந்த கதி தூத்துக்குடிக்கு வராது என்று எந்த தைரியத்தில் இருப்பது?

டக்காட்டா மேல் எனக்குத் தனிக் கோபமும் உண்டு. கார் கம்பெனிகளுக்குக் கொடுத்த சோதனை அறிக்கைகளில் எண்களைத் திருத்தியிருக்கிறார்கள். 2017-ல் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 100 கோடி டாலர் கட்டச் சம்மதித்தார்கள். அதே வருஷம் ஜூனில் திவால். சர்டிஃபிகேட்டை நம்பி சரக்கை விடுவிக்கிற தொழிலில் இருப்பவனுக்கு இது வயிற்றெரிச்சல்.

எல்லா ரீகாலும் இவ்வளவு அவசரமா என்றால், இல்லை. 2024 அக்டோபரில் ஹோண்டா இந்தியாவில் 90,468 பழைய கார்களை ஃபியூயல் பம்ப்புக்காக அழைத்தது. பம்ப்புக்குள் சுழன்று பெட்ரோலைத் தள்ளும் இம்பெல்லரில் குறை, ஓடும்போது இன்ஜின் நின்றுபோகலாம் என்றார்கள். ஊருக்குள்ளேயே ஓட்டுபவர் அடுத்த சர்வீஸோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கக்கூடும். நாலு வழிச்சாலையில் லாரிகளுக்கு நடுவே தினமும் போகிறவருக்கு அந்த வசதி கிடையாது. 2023 ஜனவரியில் மாருதி 17,362 வண்டிகளை ஏர்பேக்கை இயக்கும் கன்ட்ரோலருக்காக அழைத்தபோது, பாகத்தை மாற்றும்வரை வண்டியை எடுக்கவே வேண்டாம் என்றது. கம்பெனியே அப்படிச் சொன்னால் அதற்கு மேல் விவாதம் இல்லை. பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக், பெட்ரோல் கசிவு ஆகிய நாலும் உடனே. மிச்சத்துக்கு அறிவிப்பைப் படித்துவிட்டு நிதானிக்கலாம்.

சட்டம் நம்மைத் துரத்தாது. 2021 ஏப்ரல் முதல் மத்திய அரசின் ரீகால் விதிகள் நடப்பில் இருக்கின்றன. கட்டாய ரீகாலில் தவறும் தயாரிப்பாளருக்குப் பத்து லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் அந்த விதிகள் ஏழு வயதுக்குட்பட்ட வண்டிகளுக்கு. என்னுடையது மாதிரிக் கிழட்டு வண்டிக்குக் கம்பெனிகள் தாமாக முன்வந்து செய்வதுதான். வாரண்டி முடிந்திருந்தாலும், எத்தனையாவது ஓனராக இருந்தாலும் என்னிடம் காசு கேட்கவில்லை.

இனி திருநெல்வேலி சர்வீஸ் சென்டர். நேராகப் போய் நிற்காதீர்கள், முதலில் போன் செய்யுங்கள். இன்ஃப்ளேட்டர் அலமாரியில் தூங்கும் சாமான் இல்லை. சேஸிஸ் நம்பரைச் சொன்னால் ஆர்டர் போட்டு வரவழைக்கிறார்கள். பாகம் வந்துவிட்டது என்று அவர்கள் கூப்பிட்ட பிறகுதான் கிளம்பினேன். வாகைகுளம் டோலும் பெட்ரோலும் மட்டும் நம் செலவு. பாகத்துக்காகக் காத்திருந்த நாட்களில் பக்கத்து சீட்டில் யாரையும் உட்கார வைக்கவில்லை. வீட்டம்மாவுக்கு அதில் வருத்தம்தான், பின்சீட்டில் உட்கார்ந்து வந்தார்.

வேலையைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு முதலில் “கஸ்டமர் உள்ள வரக்கூடாது சார்” என்றார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறேன் என்றதும் விட்டுவிட்டார்கள். செய்த பையன் அவசரப்படாதவன். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டு, மின்சாரம் வடியட்டும் என்று சும்மா நின்றான். எனக்கு அவன் மேல் மதிப்பு வந்தது அங்கேதான். பிறகு ஸ்டீயரிங் நடுவிலிருந்து ஏர்பேக் யூனிட்டை எடுத்து, மஞ்சள் கனெக்டரைப் பிரித்து, உள்ளே இருந்த டப்பாவை மட்டும் மாற்றினான். பக்கத்து சீட் பக்கம் டேஷ்போர்டையே பிரிப்பார்கள் என்று பயந்திருந்தேன். கிளவ் பாக்ஸை இறக்கிவிட்டு அந்த வழியாகவே வேலை முடிந்தது. இது மாடலுக்கு மாடல் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி கழற்றுவதால் சில வண்டிகளில் ஸ்டீரியோ மறுபடி பாட ரகசிய எண் கேட்கும். அந்த எண் உள்ள அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

மாற்றியதும் டக்காட்டாதானா என்று கேளுங்கள். அமெரிக்காவில் ஆரம்பத்தில் பழைய டக்காட்டாவை எடுத்துவிட்டுப் புது டக்காட்டாவை மாட்டி, பிறகு அதையும் திரும்ப அழைத்த கூத்து நடந்தது. ஆகவே முன்னாள் ஓனர் “அதெல்லாம் அப்பவே மாத்தியாச்சு” என்று பில் காட்டினாலும், நம்பரை இன்னொரு முறை போட்டுப் பார்ப்பது நல்லது.

வியாபாரப் பகுதி காத்திருப்பு அறையில் தொடங்கியது. அட்வைசர் தம்பி டேப்லெட்டோடு வந்தார். ஏசி கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங், அண்டர்பாடி கோட்டிங், இன்ஜின் ஃப்ளஷ். “வண்டி கழட்டிதான சார் இருக்கு, சேத்துப் பண்ணிரலாம்.” கழற்றியிருந்தது ஸ்டீயரிங், ஃப்ளஷ் செய்ய வேண்டியது இன்ஜின். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதும் தம்பி சிரித்துவிட்டார். உப்புக்காற்று ஊருக்கு அண்டர்பாடி கோட்டிங் உண்மையில் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அதை அண்ணாச்சியிடமே செய்துகொள்வேன். நாசூக்காக மறுத்தால் யாரும் முகம் சுளிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜாப் கார்டில் ரீகால் வேலை மட்டும் என்று எழுதி வாங்கிய பிறகே கையெழுத்துப் போட்டேன். பூஜ்யம் ரூபாய் பில்லும், எந்தப் பக்கம் என்ன மாற்றினார்கள் என்ற விவரமும் அச்சில் கேட்டு வாங்கினேன். நாளைக்கு விற்கும்போது இந்தத் தாளுக்கு மரியாதை உண்டு. கேட்காமல் தரமாட்டார்கள்.

வெளியே எடுக்கும் முன் சாவியைத் திருப்பி எஸ்.ஆர்.எஸ். என்கிற ஏர்பேக் எச்சரிக்கை விளக்கைப் பாருங்கள். எரிந்து சில விநாடியில் அணைய வேண்டும். அணையாமல் நின்றாலும் தவறு, எரியவே இல்லை என்றாலும் தவறு. எனக்கு ஒழுங்காக அணைந்தது. அண்ணாச்சியின் டேஷ்போர்ட் சத்தமும் வந்தது, பாதிதான். கிளவ் பாக்ஸில் ஒரு கிளிப் சரியாக உட்காராமல் மேடு பள்ளத்தில் கிடுகிடுத்தது. அதை அவரே ஒரு துணித் துண்டு வைத்து அடக்கிவிட்டு, “நாந்தான் சொன்னம்லா” என்று ஜெயித்த முகத்தோடு டீ வாங்கித் தரச் சொன்னார். வாங்கித் தந்தேன்.

மார்க் போடுவதென்றால் வேலைக்கு ஐந்துக்கு நாலரை, தகவல் சொன்ன லட்சணத்துக்கு ஒன்றரை. கம்பெனியே தேடி வந்து சொல்ல வேண்டிய விஷயத்தை நானாகத் தேடிக் கண்டுபிடித்தேன் என்பதை மன்னிக்க மனம் வரவில்லை.

கிளம்பும் முன் கவுண்டரில் என் செல் நம்பரை வண்டியின் பேரில் பதியச் சொன்னேன். கோயம்புத்தூர்க்காரர் நம்பர்தான் அதுவரை இருந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் இதைத் தவறாமல் செய்யுங்கள். அன்றிலிருந்து ஆடித் தள்ளுபடி, டயர் ஆஃபர், எக்ஸ்சேஞ்ச் மேளா என்று குறுஞ்செய்திகள் கொட்டுகின்றன. பிளாக் செய்யவில்லை. அடுத்த ரீகால் என்று ஒன்று வந்தால் அதே நம்பரிலிருந்துதான் வரும்.