கைரேகை, கருவிழி, முகம், உள்ளங்கைச் சிரை: எந்த வேலைக்கு எது?

உடல் அடையாளத்தை வைத்து ஆளை அறியும் கருவியின் விவரத்தாளில் "ஒரு லட்சம் ஒப்பீட்டுக்கு ஒரு தவறான ஏற்பு" (வேறொருவரை இவர்தான் என்று ஏற்பது) என்று இருந்தால் அது நல்ல எண்தான். அட்டையைக் காட்டிவிட்டு விரலை வைக்கும் இடத்துக்கு அது போதும். அங்கே ஒருவரின் ரேகை அவருடைய பதிவோடு மட்டுமே ஒப்பிடப்படுகிறது. அதே கருவியை 2 லட்சம் பதிவுகளுக்குள் "இவர் யார்?" என்று தேட விட்டால், ஒவ்வொரு தேடலிலும் சராசரியாக 2 பேர் தவறாக வந்து நிற்பார்கள். ஒருவரே இரண்டு பெயரில் பதிந்திருக்கிறாரா என்று அந்த 2 லட்சத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால் சுமார் 2,000 கோடி ஜோடிகள் வரும். அவற்றில் தவறான பொருத்தங்கள் மட்டுமே ஏறத்தாழ 2 லட்சம். செய்யப்போவது சரிபார்ப்பா, தேடலா என்று தெரியாமல் கருவியைத் தேர்ந்தெடுக்கவே கூடாது.

கைரேகை

விலை குறைவு, கருவி சிறியது, பழகியது. 500 டிபிஐ (அங்குலத்துக்கு 500 புள்ளி) சென்சார் போதும். மென்பொருள் பார்ப்பது ரேகைக் கோடுகள் முடியும் இடங்களையும் கிளை பிரியும் இடங்களையும்தான். தோல் சரியாக இல்லாவிட்டால் அந்த இடங்களே பொய்யாகிவிடுகின்றன. வறண்ட விரலில் கோடுகள் துண்டு துண்டாகி, இல்லாத முடிவுப் புள்ளிகள் முளைக்கும். ஈர விரலில் கோடுகளுக்கு இடையிலான பள்ளம் நிரம்பி, இரண்டு கோடுகள் ஒன்றாகிவிடும். அழுத்தி வைத்தாலும் இதே கதிதான். பதியாத விரலை இன்னும் பலமாக அழுத்தச் சொல்வது, வரிசையில் அதிகம் நடக்கும் தவறு.

வறண்ட விரலானால் நெற்றியில் ஒருமுறை தடவி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். தோலின் எண்ணெய்ப் பசை போதும். ஈரமென்றால் துணியால் துடைக்க வேண்டும். நுனியை வைக்காமல், ரேகைச் சுழி கண்ணாடியின் நடுவில் வரும்படி விரலைப் படுக்க வைக்க வேண்டும். பதிவின்போது ஒரு கைக்கு 2 விரலாவது எடுங்கள். ஒரே விரலை மூன்று முறை தூக்கித் தூக்கி வைத்து எடுத்தால் ஓரங்களும் சேரும். கண்ணாடியில் முந்தையவரின் எண்ணெய்த் தடம் தங்கும் என்பதால் அடிக்கடி துடைக்க வேண்டும்.

சிமென்ட், சுண்ணாம்பு, ரசாயனங்கள் கையாளுபவர்களின் ரேகை தேய்ந்துபோகிறது. முதியவர்களுக்குத் தோல் தளர்ந்து ரேகை ஆழமிழக்கிறது. கேப்சிடபின் என்ற புற்றுநோய் மருந்து எடுப்பவர்களில் சிலருக்கு ரேகை மறைந்தே போயிருக்கிறது. இவர்களிடம் விரலைத் திரும்பத் திரும்ப வைக்கச் சொல்வது அவமதிப்பு. அங்கே பொருந்தாதது கருவிதான்.

கருவிழி

பெரிய தேடலுக்கு இதைத்தான் முதலில் சொல்வோம். கணினி அறிஞர் ஜான் டாக்மன் வகுத்த முறையில் ஒரு கருவிழியின் வடிவம் 2,048 பிட், அதாவது 256 பைட்டில் அடங்கிவிடும். இரண்டு குறியீடுகளில் எத்தனை பிட்கள் வேறுபடுகின்றன என்று எண்ணுவதே ஒப்பீடு. வெவ்வேறு கண்களென்றால் ஏறத்தாழப் பாதி பிட்கள் வேறுபடும். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக வேறுபட்டால் ஒரே கண். இடையில் உள்ள அந்தப் பெரிய இடைவெளிதான் கருவிழியின் பலம். ஒரே கருவில் பிறந்த இரட்டையருக்கும் இது வேறுபடும். ஒருவரின் இடக்கண்ணும் வலக்கண்ணும்கூட வேறுவேறுதான்.

படம் எடுப்பது 700 முதல் 900 நானோமீட்டர் வரையான அண்மை அகச்சிவப்பு ஒளியில். சாதாரண வெளிச்சத்தில் இருண்டு தெரியும் பழுப்புக் கண்ணும் இதில் தெளிவாக விரியும். சிக்கல் வெயிலில் வருகிறது. சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு உண்டு. கண்ணில் பளிச்சென்று எதிரொளித்து வடிவத்தை மறைக்கும், கண்ணும் கூசிச் சுருங்கும். ஆகவே கருவியை ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள். வடிவம் அச்சிட்ட கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் பதிவே செய்யக் கூடாது. கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு பழைய பதிவு பொருந்தாமல் போகலாம். மறுபதிவு செய்துவிடுவது நல்லது.

முகம்

தொட வேண்டாம், நிற்க வேண்டாம் என்ற வசதியே இதன் ஆபத்தும்கூட. ஒருவருக்குத் தெரியாமலே அவரை அடையாளம் காண முடிகிற முறை இது. அமெரிக்க அரசின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் 2019இல் வெளியிட்ட ஆய்வில், சில மென்பொருள்களின் தவறான பொருத்தம் மக்கள் பிரிவுக்குப் பிரிவு 10 முதல் 100 மடங்கு வரை வேறுபட்டது. "99 சதவீதம்" என்ற ஒற்றை எண்ணை ஏற்காதீர்கள். உங்கள் மக்களை வைத்துச் சோதித்த பிறகே பணம் கொடுங்கள்.

முதுகுக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தால் முகம் நிழலாகிவிடும். கேமராவை முக உயரத்துக்குக் கொண்டுவந்து, விளக்கை முன்பக்கம் வையுங்கள். ஆழம் அளக்காத சாதாரண கேமரா, கைப்பேசித் திரையில் காட்டும் படத்துக்கே ஏமாறக்கூடும். ஆள் மேற்பார்வை இல்லாத கதவுக்கு முகத்தை மட்டும் நம்புவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

உள்ளங்கைச் சிரை

ஆக்சிஜன் குறைந்த ரத்தம் அண்மை அகச்சிவப்பை உறிஞ்சுவதால் சிரைகள் கருங்கோடாகத் தெரிகின்றன. ரேகை தேய்ந்த கையும் இதற்குச் சரி. தொட்ட இடத்தில் தடம் எதுவும் மிஞ்சாது. குளிரில் சிரைகள் சுருங்கும், நேர்வெயில் ஆகாது. ஒரு நிறுவனத்தின் கருவியில் எடுத்த பதிவை மற்றொன்றில் பயன்படுத்துவதும் பெரும்பாலும் எளிதல்ல.

போலியால் ஏமாறாதது இவற்றில் எதுவுமில்லை. 2002இல் ஜப்பானிய ஆய்வாளர் சுதோமு மட்சுமோதோவின் குழு ஜெலட்டின் விரலால் கைரேகைக் கருவிகளைத் திறந்து காட்டியது. ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஹேக்கர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் 2017இல் அச்சிட்ட படத்தின் மேல் கான்டாக்ட் லென்ஸ் வைத்துக் கருவிழிப் பூட்டையும், 2018இல் மெழுகுக் கையால் சிரைக் கருவியையும் ஏமாற்றினார்கள். பதிவுகளைச் சேமிக்கும் இடம் கருவியை விட முக்கியம்: 2015இல் அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகத்திலிருந்து 56 லட்சம் பேரின் கைரேகை திருடுபோனது. கடவுச்சொல்லை மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. சரிபார்ப்பு மட்டும் போதுமென்றால், பதிவை அவரவர் அட்டைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். மையக் கிடங்கே தேவையில்லை.

தவறான மறுப்பையும், அதாவது உரியவரையே கருவி ஏற்காமல் விடுவதையும், கணக்கிடுங்கள். 500 பேர் நாளுக்கு இருமுறை விரல் வைக்கிறார்கள், மறுப்பு 2 சதவீதம் என்றால் தினம் 20 மறுப்பு. அவை எல்லோருக்கும் பரவலாக விழுவதில்லை. பெரும்பாலும் அதே சில பேர்தான் தினமும் மாட்டுவார்கள். மறுப்புப் பட்டியலை வாரம் ஒருமுறை பெயர்வாரியாக எடுங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் வேறு விரலில் மறுபதிவு. அதற்குப் பிறகும் வந்தால் அவருக்கு அட்டையும் ரகசிய எண்ணும் கொடுத்துவிடுங்கள்.