கிரேட் பேசினா, காங்கரீயா?

அமெரிக்காவில் கூட்டம் மொய்க்காத தேசியப் பூங்கா தேடுபவர்களுக்கு இந்த இரண்டையும் சொல்வேன். இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. ஒற்றுமை அவ்வளவுதான்.

நெவாடாவின் கிரேட் பேசின், லாஸ் வேகஸிலிருந்து கிட்டத்தட்ட 300 மைல். பாலைவனத்திலிருந்து மலைச்சாலை 10,000 அடிவரை ஏறுகிறது. அங்கிருந்து நடந்தால் பிரிஸ்டில்கோன் பைன் மரங்கள். காற்றில் முறுக்கேறிய கட்டை, பட்டை உரிந்த உடம்பு, ஓரத்தில் ஒரு கிளை மட்டும் பச்சை. சில மரங்களுக்கு 3,000 வயதுக்கு மேல். இங்கே 4,800-க்கும் அதிகமான வளையங்கள் கொண்ட ஒரு மரத்தை 1964-ல் ஆய்வுக்காக வெட்டிச் சாய்த்தார்கள். இன்னும் மனசு ஆறவில்லை. இரவில் பால்வீதி வெறுங்கண்ணுக்கே தெளிவாகத் தெரியும்.

தென் கரோலினாவின் காங்கரீ போய்வரச் சுலபம். கொலம்பியா நகரத்துக்குப் பக்கம். ஏறக்குறைய இரண்டரை மைல் பலகைப் பாதையில் சக்கர நாற்காலியும் போகும். இருபுறமும் சைப்ரஸ் மர வேர்கள் சேற்றிலிருந்து முழங்கால் முழங்காலாகத் துருத்தி நிற்கும். மே கடைசி வாக்கில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னும். அதைப் பார்க்கக் குலுக்கலில் இடம் கிடைக்க வேண்டும். கோடையில் கொசு பிடுங்கி எடுத்துவிடும்.

பெரியவர்களோடு போனால் காங்கரீ, அதுவும் ஏப்ரலில். கால் வலுவுள்ளவர்கள் யோசிக்காமல் கிரேட் பேசினுக்கே போங்கள். குளிர்காலத்தில் மலைச்சாலையின் மேல்பகுதியை மூடிவிடுவார்கள். செப்டம்பர் தோதான மாதம்.