குடும்பப் பெயர் இல்லாத நாம் ஃபேமிலிசர்ச்சில் தேடினால்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஃபேமிலிசர்ச் முன்னோரைத் தேட உதவும், பணம் கேட்காத தளம். ஒரு கணக்கு தொடங்கினால் போதும், கார்டு எண் கேட்காது, இத்தனை நாள் இலவசம் என்று ஆசை காட்டாது. இதற்கு முன் வேறொரு கட்டணத் தளத்தில் (பெயர் வேண்டாம்) அந்த இலவசத் தூண்டிலில் மாட்டி, நிறுத்த மறந்து, ஒரு வருடச் சந்தாவைத் தண்டம் கட்டியிருக்கிறேன். அங்கே எனக்குக் கிடைத்தது இங்கிலாந்தில் எங்கேயோ செத்துப்போன ஒரு சாமுவேல். எங்கள் வீட்டிலும் ஒரு சாமுவேல் உண்டு, பொருத்தம் அத்தோடு சரி.

நான் தேடத் தொடங்கியது பெரியம்மாவால். அவருக்கு 86 வயது. தன் பாட்டியைப் பற்றி அவர் சொல்வது இரண்டே வரி: "எழுதப் படிக்கத் தெரியாது. ஃபுளூ வந்த வருஷம் பிள்ளை பெத்துட்டுப் போய்ச் சேந்துட்டா." எனக்குக் கொள்ளுப்பாட்டி. அவள் புருஷன், அதாவது பெரியம்மாவின் தாத்தா, வேப்பேரியில் ஒரு அச்சகத்தில் கம்பாசிட்டர் (அச்சுக்கோப்பவர்) என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். வேறு படம் இல்லை, கடிதம் இல்லை, கல்லறையும் இல்லை.

தளத்தை நடத்துவது அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட மார்மன் சபை. 1894இல் ஒரு வம்சாவளிச் சங்கமாகத் தொடங்கி, 1938 முதல் ஊர் ஊராகப் போய்ப் பதிவேடுகளை மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள். கருங்கல் மலையைக் குடைந்து கட்டிய பெட்டகத்தில் 24 லட்சம் சுருள்கள் இருக்கின்றன, அவற்றை டிஜிட்டலாக்கி முடித்தது 2021இல். இறந்துபோன முன்னோருக்காக உயிரோடிருப்பவர் ஞானஸ்நானம் பெறலாம் என்பது அவர்கள் நம்பிக்கை, அதற்குத்தான் இத்தனை பாடும். இது சிலருக்கு உறுத்தும். தெரிந்துகொண்டு உள்ளே போவது நல்லது என்பதால் சொல்கிறேன். எனக்கு உறுத்தவில்லை, பெரியம்மாவிடம் சொல்லவும் இல்லை.

நமக்கு அதில் என்ன இருக்கிறது? இந்தியாவுக்கென்று பிறப்பும் ஞானஸ்நானமும் 1786 முதல் 1947 வரை, திருமணங்கள் 1792 முதல் 1948 வரை, இறப்பும் அடக்கமும் 1719 முதல் 1948 வரை என்று மூன்று தொகுப்புகள். அவை வெறும் அட்டவணைதான், ஏட்டின் படம் இருக்காது. சென்னைக்காரர்கள் முதலில் திறக்க வேண்டியது மதராஸ் டயோசீஸ் புராட்டஸ்டன்ட் திருச்சபைப் பதிவுகள், 1743 முதல் 1990 வரை. பழைய மதராஸ் ஏடு என்றாலே எல்லாரும் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரிஸ் கோவிலைத்தான் காட்டுவார்கள், 1680இல் எலிஹு யேல் கல்யாணம், 1753இல் ராபர்ட் கிளைவ் கல்யாணம் என்று. நல்லது, துரைகள் கல்யாணம் துரைகளுக்கு. வேப்பேரியிலும் புரசைவாக்கத்திலும் ஓலை வாசித்து (கோவிலில் கல்யாண அறிவிப்புச் செய்து) கட்டிக்கொண்ட கம்பாசிட்டர், பட்லர், ஆயா, பள்ளிக்கூட வாத்தியார் இவர்களெல்லாம் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று யாரும் காட்டுவதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தேடல் பெட்டியில் இரண்டு கட்டம்: பெயர், குடும்பப் பெயர். இரண்டாவது கட்டத்தில் நாம் என்ன போடுவது? வெள்ளைக்காரனுக்கு ஐந்து தலைமுறைக்கும் ஒரே பெயர் பின்னால் வரும், அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிடுவான். நம் வீட்டில் அப்பா பெயர் பிள்ளைக்கு இனிஷியல், பிள்ளை பெயர் பேரனுக்கு இனிஷியல், ஆக ஒவ்வொரு தலைமுறையிலும் கயிறு அறுந்து மறுபடி கட்ட வேண்டியிருக்கிறது. நான் முதல் ஒரு வாரம் தாத்தாவின் இனிஷியலை விரித்து அந்தக் கட்டத்தில் போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று மூடிவைத்துவிட்டேன். தப்பு என்னுடையது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். அப்பா பெயருக்கு என்று தனியாக இன்னொரு கட்டம் இருக்கிறது, அதில் போட வேண்டும், இடத்தைப் போட வேண்டும், வருடத்துக்குப் பத்து வருடம் இடைவெளி கொடுக்க வேண்டும்.

அப்புறம் எழுத்து. ஞானம் என்ற பெயரை ஒரு பாதிரியார் ஜி-என் போட்டு எழுதுவார், இன்னொருவர் என்-ஒய், மூன்றாமவர் காதில் விழுந்தபடி வெறும் என். முத்து என்பதற்கு இரண்டு டி, ஒரு டி, டி-எச் எல்லாம் உண்டு. நட்சத்திரக் குறி போட்டால் அந்த இடத்தில் எத்தனை எழுத்து வந்தாலும் தளம் எடுத்துக்கொள்ளும், கேள்விக்குறி போட்டால் ஒரே ஒரு எழுத்து. நான் கடைசியில் கண்டுபிடித்தது பெயரின் நடுவில் மூன்று எழுத்தை மட்டும் வைத்து முன்னும் பின்னும் நட்சத்திரம் போட்டபோதுதான். இதெல்லாம் தளத்தின் குறை என்று சொல்ல மாட்டேன், 1909இல் ஒருவர் பேனாவில் மை தொட்டு எழுதியதைத்தானே அது காட்ட முடியும்.

படம் பார்க்கும் உரிமை தொகுப்புக்குத் தொகுப்பு மாறும். கேமரா குறி இருந்தால் வீட்டிலிருந்தே ஏட்டைப் புரட்டலாம், கேமராவின் மேல் சாவி இருந்தால் கட்டுப்பாடு உண்டு, பல சமயம் அவர்களுடைய மையத்துக்கோ இணைந்த நூலகத்துக்கோ போய்த்தான் பார்க்க வேண்டும். அட்டவணையில் தேதி கிடைத்துவிட்டால் அதோடு நின்றுவிடாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. அட்டவணையில் வருவது பெயர், தேதி, பெற்றோர் பெயர். ஏட்டில் இருப்பது ஒரு குடும்பம்.

எங்களுக்குக் கொள்ளுப்பாட்டியின் கல்யாணத் தேதி கிடைத்தது, கோவில் எது என்றும் தெரிந்தது. கிளம்பிப் போனோம். கோவில் பெயரைச் சொல்லவில்லை. ஆபீசில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "சொத்து கேஸா?" இல்லை என்றதும் அவருக்குச் சுவாரசியம் போய்விட்டது. பீரோ சாவி பொருளாளரிடம், பொருளாளர் ஊரில் இல்லை, அடுத்த தடவை சாவி இருக்கிறது, பாதிரியார் இல்லை. மூன்றாம் தடவை நான் கொஞ்சம் படித்துவிட்டுப் போனேன். 1872ஆம் வருட இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, உரிய கட்டணம் கட்டினால் நியாயமான நேரத்தில் திருமண ஏட்டைத் தேடிப் பார்க்க விட வேண்டும் என்கிறது. சண்டை போடவில்லை, பணிவாகத்தான் சொன்னேன். டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தார்கள்.

இன்னொன்று, சர்டிபிகேட் போதுமா என்று கேட்பார்கள். போதாது. டைப் அடித்த சர்டிபிகேட்டில் சாட்சிகள் யார் என்பதெல்லாம் விட்டுப்போகலாம், ஏட்டையே பார்க்கிறோம் என்று சொல்லுங்கள்.

ஏடு பெரியது, இரண்டு கையாலும் தூக்க வேண்டும். ஓரங்களைப் பூச்சி அரித்து, கடற்கரை வரைபடம் மாதிரி இருந்தது. கட்டம் கட்டமாக: தேதி, பெயர், வயது, கன்னியா விதவையா, தொழில், குடியிருப்பு, தகப்பன் பெயர், கையெழுத்து, சாட்சிகள். தாத்தா, 22, கம்பாசிட்டர். பாட்டி, 15. தாத்தாவின் கையெழுத்து ஆங்கிலத்தில், அச்சுக்கோத்தவருக்கு உரிய மாதிரி ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கிறது. அதற்குக் கீழே பெருவிரல் ரேகையையோ பெருக்கல் குறியையோ எதிர்பார்த்தேன். தமிழில் கையெழுத்து இருந்தது. பழைய ணை, மேலே வளைத்துக் கொம்பு போட்டது, ஞானத்தின் ஞாவில் மை கொஞ்சம் இழுத்திருக்கிறது, ஆனால் தடுமாறாத கை. பேனா பிடித்துப் பழகியவள்.

பெரியம்மாவிடம் போனில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "அப்ப எங்கம்மா ஏன் அப்படிச் சொன்னா?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும். தாயில்லாமல் சித்தியிடம் வளர்ந்த பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்களோ.

அடக்க ஏட்டையும் அன்றே பார்த்தோம். 1918 அக்டோபர். அதற்கு முந்தைய மாதங்களில் ஒரு பக்கம் நிரம்ப மாதக்கணக்கு ஆகியிருக்கிறது, அக்டோபரில் பக்கம் பக்கமாகப் போகிறது. காரணம் என்ற கட்டத்தில் மேலே ஒரு தடவை இன்ஃபுளுயன்சா என்று எழுதிவிட்டு, கீழே பக்கம் முடிகிற வரைக்கும் 'மேற்படி' குறி மட்டும். பாட்டி பெயர் அந்தக் குறிகளுக்கு நடுவில். நாலு வரி தள்ளி ஒரு சிசு, வயது 11 நாள், தகப்பன் கம்பாசிட்டர். ஞானஸ்நான ஏட்டில் அந்தப் பிள்ளைக்கு வீட்டிலேயே அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்ததாகக் குறிப்பு இருந்தது. பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் எங்கள் வீட்டில் இதுவரை யாருக்கும் தெரியாது.

அப்பா வழி கத்தோலிக்கர்கள், தூத்துக்குடிப் பக்கம். அங்கே ஃபேமிலிசர்ச்சை நம்பி உட்காரவில்லை. மேலே சொன்ன ஞானஸ்நான விவகாரத்தால், பங்கு (ஊர்க் கோவில்) பதிவேடுகளை மார்மன் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டாம் என்று 2008இல் வத்திக்கான் ஆயர்களுக்கு (பிஷப்புகளுக்கு) எழுதிவிட்டது. ஆக நேரே ஊருக்குப் போய்ச் சாமியாரை, அதாவது கோவில் பாதிரியாரை, பார்ப்பதுதான் வழி. ஆனால் கத்தோலிக்க ஏடு போல வம்சம் தேடுகிறவனுக்கு விருந்து வேறு கிடையாது. எழுதுவது அவர்களுக்கு நானூறு வருடப் பழக்கம், ஞானஸ்நானமும் திருமணமும் எழுது என்று 1563இலேயே திரெந்து சங்கம் (கத்தோலிக்க ஆயர்கள் கூடிய மாநாடு) சொல்லிவிட்டது.

சிக்கல், பழைய ஏடு லத்தீனில் இருக்கும். வீட்டில் ராயப்பன், ஏட்டில் பெத்ருஸ். சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசெஃபுஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ், தேவசகாயம் லாசருஸ். இது தெரியாமல் நான் எங்கள் ராயப்பனை இரண்டு நாள் தேடினேன், ஏடு பூராவும் அவர் பெத்ருஸாக உட்கார்ந்திருந்தார். ஞானத்தகப்பன், ஞானத்தாய் யார் என்று ஒரு கட்டம் உண்டு, அதை விடாதீர்கள், அது பெரும்பாலும் மாமனோ அத்தையோதான். 1908க்குப் பிறகு ஒருவர் கல்யாணம் செய்தால் அதை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலும் குறிக்க வேண்டும் என்ற விதி வந்தது, அதனால் பிறந்த பக்கத்திலேயே எந்த ஊரில் யாரைக் கட்டினார் என்பது பொடி எழுத்தில் இருக்கும்.

எல்லாவற்றையும் விட ஒன்று. நம்மில் மாமன் மகளைக் கட்டுவது சாதாரணம், திருச்சபைக்கு அது தடை, அதனால் விலக்கு வாங்கியாக வேண்டும். அந்த விலக்கைத் திருமண ஏட்டில் எழுதும்போது எத்தனையாவது படி இரத்த உறவு என்றும் எழுதுவார்கள். பழைய ஏடுகளின் கணக்கில் இரண்டாம் படி என்றால் இருவருக்கும் தாத்தா பாட்டி பொது என்று அர்த்தம், மூன்றாம் படி என்றால் பூட்டன் பொது. குடும்பப் பெயர் செய்ய வேண்டிய வேலையை நமக்கு இந்த ஒரு வரி செய்துவிடுகிறது. எங்கள் தாத்தா பாட்டி கல்யாணத்தில் இரண்டாம் படி என்று இருந்தது, ஒரே வரியில் இரண்டு கிளை சேர்ந்துவிட்டது.

ஆங்கிலோ இந்தியக் குடும்பமாக இருந்தால் உங்கள் பாடு சுலபம். மதராஸ் மாகாணப் பாதிரிகள் லண்டனுக்கு அனுப்பிய நகல்கள் 1698 முதல் பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கின்றன, ஃபிபிஸ் என்ற சங்கத்தின் தளத்திலும் காசில்லாமல் தேடலாம். இந்துக் குடும்பங்களுக்கு இந்த வழி அவ்வளவு உதவாது. பிறப்பு இறப்புப் பதிவுக்கு மதராஸ் மாகாணத்தில் 1899இலேயே சட்டம் வந்தாலும், பழைய பிறப்புப் பதிவில் பிள்ளைக்குப் பெயர் இல்லாமல் ஆண், தகப்பன் இன்னார் என்று மட்டும் இருப்பது சகஜம்.

ஒரு எச்சரிக்கை: ஃபேமிலிசர்ச்சில் வம்ச மரம் எல்லாருக்கும் பொது. உயிரோடிருப்பவர்களை மற்றவர் பார்க்க முடியாது, இறந்தவர்களை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். உங்கள் பிரதியை வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்த ஒன்றைக் குறைப்பது குடும்பப் பெயர் கேட்கும் அந்த இரண்டாவது கட்டத்துக்காக.

ராயப்பன் கதை இன்னும் முடியவில்லை. ஒரே ஊரில், ஒரே பத்து வருடத்துக்குள், பெத்ருஸுக்கு மகன் பெத்ருஸ் என்று மூன்று பேர் இருக்கிறார்கள், எங்களவர் யார் என்று சாமியாருக்கும் தெரியவில்லை. கல்லறைக் கல்லில் தேதி வெட்டியிருக்கலாம் என்றார். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு ஊரே வந்து எல்லாக் கல்லுக்கும் சுண்ணாம்பு அடித்துவிடும், அதற்கு ஒரு வாரம் முன்னால் போக வேண்டும்.