எட்டாம் நாள் பிரிக்கப்படாத கட்டு

அம்மாவின் கர்ப்பப்பையை அகற்றும் சத்திரசிகிச்சைக்காகவே இம்முறை ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலுக்கு வந்திருந்தேன். சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. என் மனத்தை விட்டு அகலாதது அதன் பின் வந்த எட்டாம் நாள்தான்.

அன்று விடியற்காலையில் அம்மாவின் சேலையில் மஞ்சள் ஈரம் தெரிந்தது. கட்டைச் சுற்றியிருந்த தோல் சிவந்து, தொட்டால் சுட்டது. ஓட்டோ பிடித்து, சத்திரசிகிச்சை நடந்த தனியார் மருத்துவமனைக்கு ஓடினோம். இரண்டு மணித்தியாலம் காத்திருந்த பின், கட்டைப் பிரித்தும் பாராமல், "தண்ணிதான் வடியுது, நூல் வெட்டுற அன்றைக்கு வாங்கோ" என்று அனுப்பிவிட்டார்கள். மருந்து கட்டியதற்கான பணம் மட்டும் பற்றுச்சீட்டில் இருந்தது. வெறும் நீர் தேங்கி வடிவதும் உண்டு, உள்ளே சலம் (சீழ்) பிடித்து வடிவதும் உண்டு. பிரித்துப் பார்க்காமல் எதுவென்று எப்படிச் சொல்வது? இப்படியான கிருமித்தொற்று பெரும்பாலும் முதல் 30 நாட்களுக்குள் தலைகாட்டும் என்பது அவர்களுக்குத் தெரியாததா?

ரொறன்ரோவில் எனக்கு வயிற்றில் சத்திரசிகிச்சை நடந்தபோது, வீட்டுக்கே வந்த தாதி சிவப்பைச் சுற்றிப் பேனாவால் கோடிட்டு, கோட்டைத் தாண்டினால் உடனே அழைக்கும்படி சொல்லிப் போனார்.

மறுநாள் அரசாங்க வைத்தியசாலைக்குப் போனோம். சிறுவயதில் முழங்காலுக்கு மருந்து கட்ட அம்மா என்னை இழுத்துச் சென்ற அதே நீள வாங்கு, அதே ஸ்பிரிட் வாசனை. இளம் தாதி ஒருவர் கட்டைப் பிரித்து மெல்ல அழுத்தியதும் சலம் வெளியே வந்தது. வைத்தியர் இரண்டு தையல்களை வெட்டிக் காயத்தைத் திறந்துவிட, தாதி உப்புநீரால் கழுவி, ஈரத் துணித்திரியை உள்ளே வைத்தார். "இப்ப மூடித் தைக்க ஏலாது அக்கா, அடியிலயிருந்து சதை வளரவேணும்" என்றவர், சட்டைப்பையிலிருந்த நீலப் பேனாவை எடுத்துச் சிவப்பைச் சுற்றிக் கோடிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அம்மாவின் இரத்தச் சீனி 252 mg/dL இருந்தது. கனடாவில் அளக்கும் mmol/L கணக்கில் 14. காயம் ஆறாததற்கு அதுவும் ஒரு காரணம் என்றார்கள். போதாததற்கு, சதை வளரப் புரதம் வேண்டிய நேரத்தில், பத்தியம் என்று சின்னம்மா முட்டையையும் மீனையும் விலக்கிக் கஞ்சியாகவே கொடுத்து வந்திருக்கிறார்.

மூன்றாம் நாள் சிவப்பு நீலக் கோட்டுக்குள் சுருங்கியிருந்தது. பயணச்சீட்டை இரண்டு வாரம் பின்தள்ளிவிட்டு, தினமும் காலையில் அம்மாவை அந்த வாங்குக்குக் கூட்டிப் போகிறேன். 3 சென்ரிமீற்றர் இருந்த குழியின் ஆழம் இன்று 1 என்று கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கிறார்கள்.