பத்துச் சக்கர வண்டியைத் தினமும் சுற்றிப் பார்த்த ஒன்பது வருடம்

2016-இல் பத்துச் சக்கர லாரி ஒன்றை வாங்கி, நாமக்கல்லில் பாடி கட்டி, நானே ஓட்ட ஆரம்பித்தேன். பெரும்பாலும் சேலத்து ஜவ்வரிசி, நாக்பூர் வரை. திரும்பும்போது கிடைக்கிற லோடு. ஒரு பக்கத்துக்கே 1,200 கிலோமீட்டருக்கு மேல் வரும். டயரைக் கம்பியால் ஒரு தட்டு தட்டிவிட்டு, சாமி கும்பிட்டு வண்டியை எடுப்பதுதான் அப்போது என் வழக்கம்.

அதை மாற்றியது தொப்பூர் கணவாய். முதல் வருடமே நடந்தது. வடக்கிலிருந்து திரும்பும் வழியில் ஒரு பட்டறையில் பின் சக்கரங்களுக்கு, டிரம்மின் உள்ளே உரசிப் பிடிக்கும் பிரேக் லைனிங் மாற்றியிருந்தேன். தருமபுரி தாண்டி விடியற்காலையில் இறக்கத்தில் வரும்போது, மிதிக்க மிதிக்க வண்டி பிடிக்கவில்லை. மூன்றாவது கியரில் இருந்ததால் வேகம் ஏறவில்லை. ஓரங்கட்டி நிறுத்தி இறங்கிப் பார்த்தால் ஒரு பக்கத்து டிரம்களில் புகை. மறுபக்கம் தொட்டால் சூடே இல்லை. லைனிங் மாற்றியவர்கள் அந்தப் பக்கத்து ஸ்லாக் அட்ஜஸ்டர்களை (லைனிங்குக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் பாகம்) திருகி வைக்கவே இல்லை. பாரம் முழுவதையும் மற்ற டிரம்கள் பிடித்துச் சூடாகி, அவையும் கைவிட்டிருக்கின்றன. டிரம் சூடானால் விரியும், லைனிங்கிலிருந்து விலகும், லைனிங்கைத் தள்ளும் ராடு இன்னும் அதிக தூரம் தள்ள வேண்டியிருக்கும். அன்று இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது.

பட்டறை மேல் கோபம் இருந்தது. ஆனால் கிளம்பும் முன் இரண்டு நிமிடம் குனிந்து பார்த்திருந்தால் நானே கண்டுபிடித்திருக்கலாம். அன்றிலிருந்து இன்றுவரை, வண்டி எடுக்கும் முன் பதினைந்து நிமிடம் சுற்றிப் பார்க்கிறேன்.

எப்போதும் டிரைவர் கதவில் ஆரம்பித்து, முன்பக்கமாக இடப்புறம் போய், பின்னால் சுற்றி அதே கதவுக்கு வருவேன். வரிசையை மாற்றினால் கட்டாயம் ஏதாவது விட்டுப்போகிறது. நடுவில் போன் வந்தால், பேசி முடித்துவிட்டுக் கதவிலிருந்து மறுபடி தொடங்குகிறேன்.

அதிக நேரம் பிரேக்குக்குத்தான். சக்கரத்துக்குக் கட்டை போட்டு, பிரேக்கை இயக்கும் ஏர் டேங்கில் முழுவதும் ஏறியதும் இன்ஜினை அணைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவேன். கிளீனர் மிதிப்பார். நான் ஒவ்வொரு சேம்பரிலும் (ஏர் வந்து ராடைத் தள்ளும் கிண்ணம்) ராடு எவ்வளவு வெளியே வருகிறது என்று சாக்பீஸ் கோடு போட்டுப் பார்ப்பேன். ஆறும் ஏறக்குறைய ஒரே அளவு வர வேண்டும். தனியாகப் போகும்போது பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துவிடுகிறேன். பெடல் மிதித்தபடி இருக்கும் அந்த நேரத்திலேயே ஏர் கசியும் சத்தமும் கேட்டுவிடும். பக்கத்தில் வேறு வண்டி ஓடிக்கொண்டிருந்தால் கேட்காது, அதனால் ஏர் முள் இறங்குகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம் ஏர் டேங்க் டிரெயின், அதாவது டேங்கில் சேர்ந்த தண்ணீரைத் திறந்துவிடுவது. தினமும் கொஞ்சம் தண்ணீர் வரும், அது சரி. 2021-இல் ஒரு வாரம் தண்ணீரோடு கறுப்பாக ஆயிலும் வந்தது. கம்ப்ரஸரைக் கழற்றினோம், ரிங் தேய்ந்திருந்தது. வழியில் நின்றிருந்தால் லோடு, வாடகை எல்லாம் போயிருக்கும்.

டயர் விஷயத்தில் என் கருத்து முழுவதுமாக மாறிவிட்டது. கம்பியால் தட்டினால் சுத்தமாக இறங்கிய டயர் மட்டும்தான் தெரியும். 110 பி.எஸ்.ஐ. காற்றுக்கும் 80-க்கும் உள்ள வித்தியாசம் என் காதுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. இரட்டைச் சக்கரத்தில் உள் டயர் காற்று குறைந்தால் பார்வைக்கு நேராகவே நிற்கும், சுமையை வெளி டயர் வாங்கிக்கொண்டு சூடாகி வெடிக்கும். உள் டயர் வரை எட்டும் நீளமான கேஜ் ஒன்று வாங்கினேன். வாங்கியதிலேயே உபயோகமான பொருள் அதுதான். டயர் ஆறியிருக்கும்போது மட்டும் அளக்க வேண்டும். ஓடி நின்றதும் அளந்து, அதிகம் காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிடுவது பெரிய தவறு, ஆறியதும் குறைந்துபோயிருக்கும்.

வீல் நட்டுக்கு மஞ்சள் பிளாஸ்டிக் அம்பு போட்டுப் பார்த்தேன். நட்டு நகர்ந்தால் அம்பின் திசை மாறுவது உடனே கண்ணில் படும். நல்ல யோசனைதான். ஆனால் என் வண்டியில் இரண்டு வெயில் காலத்தில் பாதி உடைந்து விழுந்துவிட்டன. இப்போது நட்டிலும் சக்கர வட்டிலும் சேர்த்து வெள்ளை பெயின்டில் ஒரு கோடு இழுத்திருக்கிறேன், அதுவே போதுமானதாக இருக்கிறது. நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்தாலும் லூஸ் என்று அர்த்தம். டயர் கழற்றி மாட்டினால் நூறு கிலோமீட்டருக்குள் நிறுத்தி மறுபடி முறுக்குகிறேன். டீ குடிக்க நிறுத்தும்போதெல்லாம் சக்கர நடுவிலுள்ள ஹப் பக்கத்தில் புறங்கையைக் காட்டிப் பார்க்கிறேன். ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் போகிறது.

ஸ்பிரிங் பட்டை, அதைப் பிடிக்கும் யூ போல்ட், தார்ப்பாய் கயிறு, முக்கோண ரிஃப்ளெக்டர் எல்லாம் போகிற போக்கில் பார்ப்பவைதான்.

எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற அரசுச் சான்று) காட்டியாகிவிட்டதே, இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருடா வருடம் எஃப்.சி. என் வண்டி 2024 முதல் இரண்டாவது கணக்கில். பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) பார்த்த அன்று வண்டி சரியாக இருந்தது என்பதற்குத்தான் அந்தச் சான்று. அடுத்த வாரம் ஒரு ஹோஸ் உரசித் தேய்ந்தால் அவருக்கு எப்படித் தெரியும்?

இந்தப் பதினைந்து நிமிடத்தில் கண்டுபிடிக்க முடியாத ஒரு பழுது உண்டு, அது தூக்கம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று எழுதிவைத்தது. தூரத்து ஊர்களுக்கு ஓடும் லைன் வண்டியில் அதைக் கடைப்பிடிக்க விடும், லோடு பிடித்துத் தரும் புக்கிங் ஆபீஸை நான் இன்னும் பார்க்கவில்லை. இரவு ஒன்றிலிருந்து ஐந்து வரை ஓட்டுவதில்லை என்று நான் வைத்துக்கொண்டேன். இதனால் இரண்டு நடை என் கைவிட்டுப் போயிருக்கிறது, வருத்தமில்லை. மே மாதம் நாக்பூர் பக்கம் பகலில் கேபினில் படுக்கவே முடியாது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் பெரிய லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று வந்திருக்கிறது. அதைச் சொகுசு என்று பேசுபவர்கள் ஒரு தடவை அந்த வெயிலில் தூங்கிப் பார்க்க வேண்டும்.

இறக்கத்துக்கு வருகிறேன். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுபவர்களைத் தொப்பூரில் இன்னும் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். நியூட்ரலில் இன்ஜின் பிடிப்பு போய்விடும், சுமை முழுவதும் டிரம்மில் விழும், ஐடிலிங்கில் ஏர் ஏறுவதும் மெதுவாகிவிடும். ஏறுகிற கியரிலேயே இறங்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த மூத்த டிரைவர் அண்ணன், கணவாய் ஆரம்பிக்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுவார், நடுவில் தேட மாட்டார். நானும் அப்படித்தான்.

எனக்கு இன்னும் சரியாக வராதது பின் விளக்குகள். தனியாக இருக்கும்போது பெடலை மிதித்துக்கொண்டே பின்னால் பார்க்க முடியாது. இப்போதைக்கு போனை வண்டிக்குப் பின்னால் ஒரு கல்லில் சாய்த்து வீடியோ போட்டுவிட்டு, பிரேக்கும் இரண்டு பக்க இண்டிகேட்டரும் அடித்துவிட்டு வந்து பார்க்கிறேன். மழையில் இது முடிவதில்லை. வேறு வழி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.