அப்பா ஊரில், பிள்ளை துபாயில்: டெல்டா வீட்டுக்கு எந்தச் சின்ன எஸ்யூவி?

துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்துக்கொண்டு ஊர் வீட்டுக்குக் கார் வாங்குபவர்கள் பெரும்பாலும் தங்கள் லீவை மனதில் வைத்தே வாங்குகிறார்கள். திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து வீடு, நவக்கிரகக் கோயில்கள், வேளாங்கண்ணி, நாள் மிஞ்சினால் கொடைக்கானல். அதெல்லாம் ஒரு மாதத்துக் கதை. மீதிப் பதினொரு மாதம் அந்த வண்டி மன்னார்குடியிலோ திருப்பனந்தாளிலோ போர்டிகோவில் நிற்கும். பேங்க், டாக்டர், கல்யாண வீடு என்று ஆக்டிங் டிரைவர் வருகிற அன்றைக்கு மட்டும் நகரும். அந்தப் பதினொரு மாதத்துக்கு ஏற்ற வண்டி எது என்பதே இங்கே கேள்வி.

எடுத்துக்கொள்ளும் வண்டிகள் நான்கு: மாருதி பிரெஸ்ஸா, டாடா நெக்ஸான், மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ, கியா சோனெட். நான்கும் 4 மீட்டர் நீளத்துக்குள் அடங்குபவை. ஹூண்டாய் வென்யூவும் சோனெட்டும் ஒரே குடும்பத்து எஞ்சின்களைக் கொண்டவை என்பதால் சோனெட் எஞ்சினைப் பற்றிச் சொல்வது அதற்கும் பெரும்பாலும் பொருந்தும்.

எஞ்சின்: இங்கேதான் அதிகம் தவறுகிறது

முதலில் டீசல் பேச்சை முடித்துவிடலாம். இழுவிசையைப் பார்த்தால் ஆசை வரும்: 3எக்ஸ்ஓ 300 நியூட்டன் மீட்டர், நெக்ஸான் 260, சோனெட் 250. ஆனால் டெல்டாவில் வண்டி ஏறும் மேடு என்பது ஆற்றுப் பாலம்தான். பி.எஸ்.6 என்ற புகை மாசு விதிப்படி வரும் டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரி எரிந்து போக, வண்டி நன்றாகச் சூடேறி, 60 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் நிற்காமல் கால் மணி, இருபது நிமிடம் ஓட வேண்டும். கடைத்தெருவுக்கு 3 கிலோமீட்டர், வயலுக்கு 5 கிலோமீட்டர் என்று ஓடும் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. கரி எரியும் வேலை பாதியிலேயே நின்று நின்று போகும். அதற்கென்று கூடுதலாகச் செலுத்தப்பட்ட டீசல் எஞ்சின் ஆயிலில் கலந்து ஆயில் மட்டம் உயரும். அப்புறம் மஞ்சள் விளக்கு எரியும், அதையும் கவனிக்காவிட்டால் வண்டி சக்தியைக் குறைத்துக்கொண்டு ஊரும். அந்த விளக்கு எதற்கு என்று அப்பாவுக்கும் தெரியாது, மாதம் இரண்டு முறை வரும் ஆக்டிங் டிரைவருக்கும் தெரியாது.

டெல்டாவுக்கே உரிய இன்னொரு சங்கடமும் உண்டு. அறுவடைக் காலத்தில் நெல்லும் வைக்கோலும் சாலையிலேயே காயும். வண்டிக்கு அடியில் சுற்றிக்கொள்ளும் வைக்கோல், கரி எரியும் நேரத்தில் 600 டிகிரி வரை சூடேறும் புகைக்குழாய்ப் பகுதியில் பட்டால் தீப்பிடிக்கும். பெட்ரோல் வண்டியின் புகைக்குழாயும் சுடத்தான் செய்யும். வைக்கோலில் ஓட்டிவிட்டால் எந்த வண்டியானாலும் நிறுத்தியதும் குனிந்து பார்த்து இழுத்துப் போட்டுவிட வேண்டும்.

வீட்டில் யாராவது வாரம் ஒருமுறை திருச்சிக்கோ சென்னைக்கோ போய் வருகிறார்கள் என்றால் டீசல் சரி. அப்போது சோனெட் டீசல் ஆட்டோமேட்டிக் நல்ல தேர்வு. அதில் இருப்பது டார்க் கன்வர்ட்டர் கியர்பாக்ஸ், அதாவது எஞ்சின் சக்தியை எண்ணெய் வழியே கடத்தும் வகை. நெக்ஸான், 3எக்ஸ்ஓ இரண்டின் டீசலிலும் ஆட்டோமேட்டிக் என்றால் ஏ.எம்.டி.தான், அதாவது மேனுவல் கியர்பாக்ஸிலேயே கிளட்சையும் கியரையும் இயந்திரம் போடும் வகை.

பெட்ரோலில், நிறுத்தி வைத்து எடுக்கும் வீட்டுக்குப் பிரெஸ்ஸாவின் 1462 சி.சி. எஞ்சின்தான் பொருத்தம். நான்கு சிலிண்டர், டர்போ கிடையாது, 103 குதிரைத்திறன், 137 நியூட்டன் மீட்டர். வேகத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். தஞ்சாவூரைத் தாண்டி லாரியை முந்தும்போது கொஞ்சம் பொறுமை வேண்டும்தான். ஆனால் கெட்டுப்போகும் உறுப்புகள் குறைவு, டவுன் மெக்கானிக்குக்கும் பழகிய எஞ்சின். நெக்ஸானின் 1.2 லிட்டர் டர்போ 120 குதிரைத்திறன் தரும். மூன்று சிலிண்டர் என்பதால் நிற்கும்போது அதிர்வு கையில் தெரியும், குறுகிய ஓட்டத்தில் மைலேஜும் ஏமாற்றும். 3எக்ஸ்ஓவில் 111, 130 குதிரைத்திறன் என இரண்டு டர்போக்கள். 130-இல் ஓட்டும் சுகம் உண்டு, குடிக்கவும் குடிக்கும். சோனெட்டில் 83 குதிரைத்திறனுள்ள 1.2 லிட்டர் சாதா பெட்ரோலும் இருக்கிறது, மேனுவல் மட்டும். ஊருக்குள் மட்டுமே ஓடும் வண்டிக்கு அது போதும். ஐந்து பேரும் ஏ.சி.யும் சேர்ந்தால் திணறும்.

சி.என்.ஜி. வேண்டுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரெஸ்ஸாவில் சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொள்ளும். நெக்ஸானில் இரண்டு சிறு சிலிண்டர்கள் தளத்துக்குக் கீழே போவதால் 321 லிட்டர் மிஞ்சுகிறது. சிலிண்டரை 3 ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்கு விட வேண்டும். அதை ஊரில் யார் நினைவில் வைத்துக்கொள்வார்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

சொந்த போர்டிகோவும் குறைந்த ஓட்டமும் உள்ள வீட்டுக்கு மின்சாரக் காரே பொருத்தம் என்று வாதாடலாம், அதில் நியாயமும் இருக்கிறது. 45 கிலோவாட்-மணி பேட்டரி உள்ள நெக்ஸான் இ.வி. கும்பகோணத்திலிருந்து திருச்சி ஏர்போர்ட் போய்த் திரும்பும் சுமார் 200 கிலோமீட்டரை ஒரே சார்ஜில் முடித்துவிடும். 15 ஆம்பியர் பிளக்கில் முழுதாக ஏற ஓர் இரவுக்கு மேலேயே ஆகும். ஆனால் 2018 கஜா புயலுக்குப் பின் கிராமங்கள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன என்பது நாகை, திருவாரூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கியர்பாக்ஸ்

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் ஆட்டோமேட்டிக் ஓட்டிப் பழகியவர் லீவில் ஸ்டீயரிங்கைத் தொடப் போகிறார் என்றால் ஆட்டோமேட்டிக்கே வாங்கலாம். வளைகுடாவில் இடப்பக்க ஸ்டீயரிங். வந்த முதல் இரண்டு நாள் இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பர் ஓடும். அதோடு இடக்கையால் கியரும் போடச் சொன்னால் பாவம். பிரெஸ்ஸா பெட்ரோலிலும் 3எக்ஸ்ஓ பெட்ரோலிலும் 6 வேக டார்க் கன்வர்ட்டர். தேர் ஓடும் வீதியில் அங்குலம் அங்குலமாக நகர இதுவே சுகம். நெக்ஸான் டர்போவின் 7 வேக இரட்டை கிளட்ச், எண்ணெயில் நனையும் வகை. சோனெட் டர்போவினது உலர் வகை. மகாமகக் குளத்தைச் சுற்றி முக்கால் மணி நேரம் ஊர்ந்தால் உலர் கிளட்ச்தான் முதலில் சூடேறும். ஏ.எம்.டி. விலை குறைவு, ஆனால் பாலச் சரிவில் நின்று கிளம்பும்போது பின்னுக்கு நழுவலாம், கியர் மாறும்போது தலையாட்டும். பின் சீட்டில் முதியவர்கள் என்றால் வேண்டாம்.

உட்காரும் இடமும் பெட்டிகளும்

வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம், 3எக்ஸ்ஓவுக்கு 2600 மில்லிமீட்டர், மற்ற மூன்றும் 2500 சுற்றி. பின் சீட்டில் கால் நீட்ட 3எக்ஸ்ஓவே முதல். சோனெட் நெருக்கடி. பிரெஸ்ஸா 1685 மில்லிமீட்டர் உயரம். சீட் நிமிர்ந்தது, கதவு அகலமாகத் திறக்கும். சூரியனார்கோயில், கஞ்சனூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம் என்று ஒரே நாளில் இறங்கி ஏறும் வீட்டில் கால் நீட்டும் இடத்தைவிட இது பெரிது. ஷோரூமில் அம்மாவை ஐந்து முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். சீட் நுனியில் உட்கார்ந்தபடி பாதம் முழுதும் தரையில் படவேண்டும், முழங்கால் இடுப்பை விட உயரக் கூடாது, புடவை வாசல் விளிம்பில் உரசக் கூடாது. விற்பனையாளர் அவசரப்படுத்துவார், விட்டுவிடாதீர்கள்.

டிக்கிக் கணக்கு சோனெட் 385 லிட்டர், நெக்ஸான் 382, பிரெஸ்ஸா 328. மஹிந்திரா சொல்லும் 364 கூரை வரை அளந்தது, ஜன்னல் மட்டம் வரை பார்த்தால் 300-ஐத் தொடாது. 75 சென்டிமீட்டர் பெட்டி ஒன்று (75 × 50 × 30) மட்டுமே 112 லிட்டரைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே நான்கில் எதிலும் இரண்டு பெரிய பெட்டி, ஒரு கைப்பெட்டி, அவ்வளவுதான். ஆளுக்கு 30 கிலோ என்று நான்கு பெட்டியோடு இறங்கும் குடும்பத்துக்கு எந்தச் சின்ன எஸ்யூவியும் போதாது. அதற்காகப் பெரிய வண்டி வாங்குவது வீண். வருகிற அன்றும் போகிற அன்றும் ஓர் எர்டிகா வாடகைக்கு எடுப்பது எவ்வளவோ மலிவு. அப்பா, அம்மா, தம்பதி, இரண்டு பிள்ளைகள் என்று ஆறு பேர் ஆகிவிட்டாலும் இதே வழிதான். பின் சீட்டில் இரண்டு குழந்தை சீட் பொருத்திவிட்டால் நடுவில் பெரியவர் உட்கார முடியாது.

அகலத்தில் 3எக்ஸ்ஓ 1821 மில்லிமீட்டர், நெக்ஸான் 1804, மற்ற இரண்டும் 1790. மூன்று சென்டிமீட்டர் என்ன பெரிது என்று தோன்றும். ஆற்றங்கரைச் சாலையில் எதிரே டவுன் பஸ் வந்து, இந்தப் பக்கம் வாய்க்கால் இருக்கும்போது தெரியும்.

இரவில் ஓடும் வண்டி என்றால் பாதுகாப்புக்குக் கூடுதல் எடை கொடுங்கள். பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிப்பரும், சாலையை அடைத்து வரும் அறுவடை இயந்திரமும் இங்கே சகஜம். நெக்ஸானும் 3எக்ஸ்ஓவும் பாரத் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர், குழந்தை இரண்டு பிரிவிலும் 5 நட்சத்திரம் வாங்கியவை. பிள்ளைகளோடு இருட்டில் அடிக்கடி ஓடும் வீட்டுக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே பிரெஸ்ஸாவை விட்டு நெக்ஸான் இரட்டை கிளட்சுக்கோ 3எக்ஸ்ஓ பெட்ரோல் ஆட்டோமேட்டிக்குக்கோ போகலாம். பகல் ஓட்டம், வயதானவர்கள், ஆக்டிங் டிரைவர் என்ற வீட்டுக்குப் பிரெஸ்ஸா.

10 லட்சக் கோடு

தமிழ்நாட்டில் ஆயுள்கால வரி 5 முதல் 10 லட்சம் வரையான காருக்கு 13 சதவீதம், அதைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம். 9.90 லட்ச வண்டிக்கு 1,28,700 ரூபாய், 10.10 லட்ச வண்டிக்கு 1,81,800. விலை வித்தியாசம் 20,000, வரி வித்தியாசம் 53,100. கூடவே 10 லட்சத்தைத் தாண்டினால் டீலர் 1 சதவீதம் டி.சி.எஸ். என்று வருமான வரியை முன்கூட்டியே பிடிப்பார். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால்தான் அது திரும்பும். எனவே கோட்டுக்குச் சற்று மேலே உள்ள வேரியன்டில் சன்ரூஃபுக்காக மயங்க வேண்டாம்.

2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்குள்ளும் பெட்ரோல் 1200 சி.சி., டீசல் 1500 சி.சி.க்குள்ளும் இருந்தால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். நெக்ஸான், 3எக்ஸ்ஓ, சோனெட் மூன்றும் இதில் அடங்கும். பிரெஸ்ஸா எஞ்சின் பெரிது என்பதால் 40 சதவீதம். பிரெஸ்ஸாவின் பெரிய குறை இதுதான்: அதே காசுக்கு மற்றவற்றில் ஒரு படி மேலான வேரியன்ட் வரும்.

ஆர்.சி. யார் பெயரில் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் பெயரில் எடுத்தால் ஓ.டி.பி. எல்லாம் அணைத்து வைத்த இந்திய சிம்முக்குப் போகும். விற்கும்போது படிவம் 29, 30-இல் அவர் கையெழுத்து வேண்டும். அப்பா அல்லது அம்மா பெயரில் எடுத்து, ஆர்.சி.யில் நாமினி சேர்த்துவிடுவது சிக்கல் குறைவு. லீவில் ஓட்டப் போகிறவர் தன் இந்திய லைசென்ஸ் தேதியையும் பார்த்துக்கொள்ளட்டும். காலாவதியாகி ஓராண்டு கடந்தால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கும்.

இன்சூரன்ஸில் எஞ்சின் பாதுகாப்புச் சேர்க்கையை விடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய நீரில் ஓட்டி எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் சாதா பாலிசி தராது. நெக்ஸானுக்கு 208, பிரெஸ்ஸாவுக்கு 198 மில்லிமீட்டர் தரை இடைவெளி என்பது வெள்ளத்தில் இறங்க அனுமதி இல்லை. சக்கரத்தின் பாதி நனைந்தால் திரும்பிவிட வேண்டும். நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைவது அப்போதுதான்.

நிற்கும் வண்டி

வாரம் ஒருமுறை போர்டிகோவிலேயே பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது பயனில்லை. இழந்த சார்ஜ் பேட்டரிக்குத் திரும்பாது, சைலன்சரில் ஈரம் தங்கும். வாரம் 15 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஓட்ட ஆளில்லாமல் மூன்று வாரத்துக்கு மேல் நிற்கும் என்றால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, டயரில் 3 பி.எஸ்.ஐ. கூட்டி, ஹேண்ட்பிரேக்கை விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். டேங்க்கைக் காலியாக வைக்காமல் நிரப்பி வைப்பது நல்லது. வேதாரண்யம், நாகூர்ப் பக்கம் என்றால் மாதம் ஒருமுறை அடிப்பாகத்தில் நல்ல தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள், உப்புக்காற்று போல்ட்டுகளில்தான் முதலில் வேலையைக் காட்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு எலி. குறுவை அறுப்பு முடிந்தும், தை மாசியில் சம்பா அறுப்பு முடிந்தும் வயலில் இருந்த எலி வீட்டுப் பக்கம் வரும். ஒயரிங்கைக் கடித்தால் நான்கில் எந்த வண்டியானாலும் செலவு ஆயிரக்கணக்கில் பழுக்கும். எஞ்சின் அடித்தட்டின் இடுக்குகளுக்கும் ஏ.சி. காற்று உள்ளே போகும் வழிக்கும் அரை அங்குலக் கண்ணிக்குக் குறைவான துருப்பிடிக்காத வலை அடிக்கச் சொல்லுங்கள். சுழலும் பெல்ட்டையும் புகைக்குழாயையும் தொடாமல் அடிக்க வேண்டும். வண்டிக்குப் பக்கத்தில் நெல் மூட்டை அடுக்காமல் இருக்க அப்பாவைச் சம்மதிக்க வைப்பது உங்கள் சாமர்த்தியம்.